புரட்டாசி சனிக்கிழமையில் அடித்த மான்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மேல்மலையனூர் போகும் பேருந்தில், செஞ்சியைத் தாண்டி வண்டி நின்றுபோன இடத்தில், அதுவாக வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. தை அமாவாசைக் கூட்டம். முன் இருக்கையில் என் தம்பி பிரவீன்குமாரும் எங்கள் அம்மாவும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் தம்பியின் மனைவி கலைமதி. இருவரும் அமெரிக்காவிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்தார்கள்.

"அண்ணி, நான் ஒரு மானை அடிச்சிட்டேன்" என்றாள் திடீரென்று.

"ஐயையோ. காருக்கு ஒண்ணும் ஆவலையே?"

"கார்ல இல்ல அண்ணி. அம்புல."

எலுமிச்சை மாலையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். நம் ஊரில் மானை அடித்தால் ஜெயில். நான் கலையின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"பயப்படாதீங்க. அங்க அதுக்கு லைசென்ஸ் குடுக்கறாங்க. பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டுதான் போனேன்." பிறகு முன் இருக்கையைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினாள். "உங்க தம்பிக்குத் தெரியாது."

நான் திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். பெயர் தேவகி. எப்போதாவது கதை எழுதுவேன். வண்டி நகர்வதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள். இறங்கும்போது, "எழுதணும்னா எழுதிக்கோங்க. ஆனா நடந்த மாதிரி எழுதுங்க" என்றாள்.

நடந்த மாதிரி எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

ஒலக்கூர் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், காட்டுப்பன்றியை விரட்டக் காவல் இருந்த சிறுமியின் கையில், ஒரு நாள் மூங்கிலால் வளைத்த வில் ஒன்று

இதோடு நிறுத்தி, அமெரிக்கா திரும்பியிருந்த கலைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். குரல்பதிவாகப் பதில் வந்தது.

"எங்க கொல்லையில பன்னி வந்தா அப்பா பட்டாசுதான் கொளுத்திப் போடுவாரு அண்ணி. நான் விழுப்புரம் கிரவுண்டுல கத்துக்கினேன். ஹாக்கியில சேரப் போனேன், எடம் இல்லன்னுட்டாங்க. வில்லுப் பக்கம் தள்ளி உட்டாங்க."

இரண்டாவது தொடக்கம் இன்னும் மோசம். (பழைய தமிழில் கலை என்றால் ஆண்மான். பிணை என்றால் பெண்மான். கலை என்ற பெயர் கொண்ட ஒரு பெண், ஒரு பிணையின் மீது அம்பு விடுகிறாள். எப்படி ஆசை காட்டுகிறது பாருங்கள்! இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். பிறகுதான் அது நியூமராலஜிக்காரர் கூட்டிப் பார்த்துக் கொடுத்த பெயர் என்று அவள் அம்மா சொன்னார். இரண்டு பக்கத்தையும் அழித்தேன்.)

ஆகவே சாதாரணமாகச் சொல்கிறேன். கலைமதி பள்ளியிலும் கல்லூரியிலும் மாநில அளவில் வில் போட்டவள். பிறகு சென்னையில் வேலை, கல்யாணம், பிரவீனுக்கு அமெரிக்க மாற்றல். ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர். அவளுடைய விசாவில் வேலை பார்க்க முடியாது. பிரவீன் காலையில் ஆபீஸ் போனால் வீட்டில் அவளும் வாஷிங் மெஷினும்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் கார்லா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கலையின் வயதுதான். சாயங்காலங்களில் தோட்டத்தில் பஞ்சு அட்டையில் செய்த மான் பொம்மையை நிறுத்தி அம்பு விடுவாள். கலை சமையலறை ஜன்னலிலிருந்து பல நாள் பார்த்தாள். ஒரு நாள் வேலியருகே போய், "ஒரே ஒரு தடவ நான் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

கார்லாவின் வில்லில் சக்கரங்கள் இருந்தன. கலைக்குப் பழக்கமில்லாத வில். முதல் அம்பு புல்லில் போய்ச் செருகியது. அடுத்தது மானின் நெஞ்சில். அதற்கடுத்தது, நெஞ்சிலிருந்த அம்பை ஒட்டி.

"கார்லா தொப்பியக் கழட்டி தலையச் சொறிஞ்சிக்கினா அண்ணி. அப்புறம், செப்டம்பர்ல என்ன பண்றேன்னு கேட்டா."

3

இங்கேதான் சிக்கல். அந்த ஊரில் வில்வேட்டை திறப்பது செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. நமக்கு அது புரட்டாசி சனிக்கிழமை.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது. சனிக்கிழமைகளில் அம்மா மாவிளக்கு ஏற்றி, தளிகை போட்டு, பெருமாளுக்குக் காட்டிய பிறகுதான் தண்ணீரே குடிப்பார். பிரவீன் இங்கே இருந்தபோது அதையெல்லாம் பெரிதாகக் கவனிக்காதவன். அங்கே போனதும் எங்களைவிடக் கடுமையாகிவிட்டான். அந்த மாதம் முட்டைகூடத் தொடுவதில்லை. (கடல் தாண்டினால் விரதம் ஏன் தடித்துப்போகிறது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். இப்போது வேண்டாம்.)

அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். பிரவீன் மேசையைத் தட்டி, "என் வீட்டில் வில்லும் அம்பும்" என்று

இல்லை. அவன் அப்படிக் குரல் எழுப்பியதே இல்லை. அவள் வில் போட்டவள் என்பது அவனுக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் அவள் கோப்பைகளைத் துடைத்து அடுக்கியதே அவன்தான்.

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"கோவப்படற ஆளா இருந்தா சண்டை போட்டு முடிச்சிடலாம் அண்ணி. அவரு வருத்தப்படுவாரு. ரெண்டு நாள் பேசாம தட்டையே பாத்துக்கினு சாப்புடுவாரு. அது பேஜாரு."

எனவே கார்லாவோடு ஆப்பிள் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போவதாகச் சொன்னாள்.

மானுக்கு மூக்குதான் கண். ஆகவே துணிகளை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். அந்த வாரம் முழுக்கக் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை எதுவும் அடுப்பில் வெடிக்கவில்லை.

"தாளிக்காம ரசம் வச்சேன். 'புரட்டாசிக்கு இப்படியும் ஒரு விரதம் உண்டா?'ன்னாரு உங்க தம்பி. 'ஆமா, எங்க ஊரு பக்கம்'னுட்டேன்."

4

இந்தப் பகுதி கதையில் சேராது. ஆனாலும் நடந்தது.

மரத்தின் மேல் பரணில் அசையாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுதினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்தேன். கண்ணை மட்டும் திருப்புவது என்று முடிவு.

முதலில் முதுகு அரித்தது. பிறகு மூக்கு. பிறகு, உடம்பில் இல்லாத இடமெல்லாம். அதையெல்லாம் தாண்டியதும், பக்கத்துத் தெருக் கொல்லுப்பட்டறைச் சத்தம், சென்னை ரயில், யாரோ மாவு கிரைண்டர் போட்டது எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்டன. ஒரு அணில் கைப்பிடிச் சுவரில் வந்து, என் முழங்கால் வரைக்கும் எட்டிப் பார்த்தது. அதற்கு நான் தொட்டியின் ஒரு பகுதி. எனக்கு மூச்சு முட்டியது. சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

அம்மா துணி உலர்த்த வந்தார். "இன்னாடி இது, வடாம் காயற மாதிரி வெய்யில்ல உக்காந்துக்கினு கீற?"

அணில் போய்விட்டது. அம்மாவின் மேல் எனக்கு வந்த கோபம் எனக்கே புதிதாக இருந்தது.

5

அந்தச் சனிக்கிழமை. இலைகள் இன்னும் பச்சை. பனிக்குப் பதில் கொசு. கார்லா தூரத்தில் வேறொரு மரத்தில். கலை இடுப்பிலும் தோளிலும் வாரைப் பூட்டி, தன் பரணில். கீழே ஓக் மரக் கொட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அதைத் தின்னத்தான் மான் வரும்.

வெயில் ஏறத் தொடங்கியபோது ஒரு பெண்மான் வந்தது. கொம்பில்லை. குட்டியும் கூட இல்லை. அது தலையைக் குனிந்ததும் கலை நாணை இழுத்தாள். மான் ஒரு அடி எடுத்து வைத்தது; காத்திருந்தாள்; நின்றது; விட்டாள். வெள்ளை வாலை ஒருமுறை தூக்கி, புதருக்குள் போய்விட்டது.

அதன் பிறகு நான் எழுதியது:

வில் அவள் கையிலிருந்து நழுவியது. ஐயோ, என்ன செய்துவிட்டேன் என்று அவள் கண்களில்

பதில் உடனே வந்தது. "வில்லு நழுவல அண்ணி. அது கார்லாவோட வில்லு, கீழ போட்டா அவ்வளவுதான். அழவும் இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நெஜமா. கைய வாய்ல வச்சிக்கினு சிரிச்சேன். இங்க வந்து மூணு வருஷமா நான் ஒண்ணைச் செஞ்சு, அது நடந்தது அதான் மொத தடவ."

இதை வைத்து என்ன செய்வது? ஒரு பெண் உயிரைக் கொன்றுவிட்டுச் சிரிக்கிறாள். தமிழில் நான் படித்த வேட்டைகளில் எல்லாம் அம்பு விட்டவர் வருந்துவார். வருந்தாவிட்டால் சாபம் வாங்குவார். இவள் இரண்டும் செய்யவில்லை. நான் மூன்று முறை அவளை அழவைத்தேன். மூன்று முறையும் திருப்பி அனுப்பினாள். கடைசியில், சிரித்தாள் என்றே எழுதினேன். எழுதிய பிறகு, அந்த அணில் ஞாபகம் வந்து, கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. கொஞ்சம்தான்.

6

கார்லா வந்து, மண்ணில் குத்தியிருந்த அம்பை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் கருஞ்சிவப்பு. நுரையீரலில் பட்டால் வரும் நுரை இல்லை. மான் எடுத்து வைத்த அந்த அடியால் அம்பு கொஞ்சம் பின்னால் தள்ளி, ஈரலில் பட்டிருந்தது. மான் சாகும்; ஆனால் உடனே இல்லை. இப்போதே பின்னால் போனால், படுத்திருப்பது எழுந்து ஓடி, கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய்ச் சாகும். மதியம் வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் மேற்கே மேகம் கட்டியிருந்தது. மழை வந்தால் தடம் போய்விடும்.

"உன் மான். நீயே சொல்லு" என்றாளாம் கார்லா.

அப்போது எங்களுக்கு இங்கே சாயங்காலம். தளிகை முடிந்து, பிரவீனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அவனும் குளித்து, நாமம் போட்டு, தானே கிண்டிய சர்க்கரைப் பொங்கலைக் காட்டினான். "கலை எங்கடா?" என்றார் அம்மா. "ஆப்பிள் பறிக்கப் போயிருக்கா" என்றான். அந்த நேரத்தில் அவள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காத்திருக்க முடிவு செய்தாள். மழை வந்தது. தடம் போயிற்று.

பேருந்தில் அவள் சொன்னபோது, "அப்புறம் ஓடைப் பக்கமா தேடினோம், கெடச்சிச்சு" என்று முடித்திருந்தாள். நானும் அப்படியே எழுதினேன். எழுதிவிட்டு, கணக்கு டீச்சர் புத்தி, ஒரு சின்ன விவரத்துக்காகக் கேட்டேன்: "அந்த அம்பை வச்சிருக்கியா?"

"எந்த அம்பு?"

"போட்டது ஒரு அம்புதானே?" என்றேன்.

"ரெண்டு அம்பு அண்ணி" என்றாள். "ஓடைக்கரைப் புல்லுல படுத்துக்கினு இருந்துச்சு. காது ரெண்டும் நிமிந்து. கார்லா அந்தாண்ட தேடிக்கினு இருந்தா. நான் நனைஞ்சு நின்னேன். மொத அம்பு போட்டப்ப அது என்னைப் பாக்கல. இப்ப பாத்துக்கினே இருந்துச்சு. எழுந்துக்கல. போடாம திரும்பியிருந்தா ராத்திரி வரைக்கும் அப்படியே கெடந்திருக்கும். போட்டேன்."

"அழுதியா?"

"நீங்க உடமாட்டீங்களே." சிரித்தாள். "இல்ல. மழை பெஞ்சிக்கினு இருந்துச்சு. எனக்கே தெரியாது. அதனால எழுதாதீங்க."

எழுதவில்லை.

அன்று சாயங்காலம், காட்டை ஒட்டியிருந்த கார்லாவின் கொட்டகையில் இருவரும் மானை உரித்து வெட்டினார்கள். கறி கார்லாவின் ஃப்ரீசருக்குப் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் கடையில் ஒரு பை ஆப்பிள் வாங்கி, காரிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பழத்திலும் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தாள். "அதுதான் அண்ணி எனக்கு அசிங்கமா இருந்துச்சு. மானு இல்ல. அந்த ஸ்டிக்கரு."

ஐப்பசி பிறந்ததும் கறியை வாங்கி வந்து, நல்லெண்ணெய் கூடுதலாகவே ஊற்றி, மிளகு அரைத்துக் குழம்பு வைத்து, கேப்பைக்களி கிண்டினாள். பிரவீன் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான்.

"எந்தக் கடை? நம்ம ஊரு வெள்ளாடு மாதிரியே கீது."

"கார்லா குடுத்தா."

"இனிமே அவங்ககிட்டயே வாங்கு."

7

முடிவு. இதுவரை மூன்று எழுதியிருக்கிறேன்.

ஒன்றில், பிரவீன் கண்டுபிடித்து இரண்டு நாள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான். இது அவள் முன்பே சொன்னது. நான் எழுத என்ன இருக்கிறது?

இன்னொன்றில், அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். ஆப்பிளில் ஸ்டிக்கரின் பிசின் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறான், மனைவிக்காக வாய் திறக்கவில்லை. இப்படி முடித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் நான் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். பிசினைப் பார்க்கிற ஆள் இல்லை என் தம்பி.

மூன்றாவதில், அடுத்த புரட்டாசியில் கலை பரணில் ஏறி, மான் வந்தும் அம்பு விடாமல் இறங்குகிறாள். அதை அனுப்பினேன். "ஏன் அண்ணி, எனக்கு மறுபடியும் போவணும்" என்று பதில் வந்தது. "ஆனா ஆப்பிள்னு சொல்லிட்டுப் போவமாட்டேன்."

நேற்று, முடிவில்லாமலே கதையை அனுப்பி, அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். பிரவீன் என் கதைகள் எல்லாவற்றையும் படிப்பவன். அவள் வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"அவரு தானா படிக்க வேணாம். நான் படிச்சிக் காட்டறேன். நாளைக்கு சாயங்காலம், அவரு ஆபீஸ்லருந்து வந்ததும். இன்னா கேக்கறாரோ, அதான் முடிவு. நீங்களா ஒண்ணும் போட்டு வைக்காதீங்க."

ஆகவே வாசகரே, உங்களை இங்கேயே கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, நான் வேறு ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது.

பிரவீன், இவ்வளவு நேரம் நீ கேட்டது கலையின் குரலில். எழுத்து என்னுடையது, நடந்தது அவளுடையது. இங்கே திண்டிவனத்தில் இப்போது விடிந்துகொண்டிருக்கும். நான் மாடியில் இருப்பேன். நீ வருத்தப்படலாம். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. எல்லோரும் அந்த இரண்டாவது அம்பைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். முதல் அம்பை விட்டதும் அவள் எப்படிச் சிரித்தாள் என்று இதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை.

அவள் இந்த வரியோடு நிறுத்திவிட்டு உன்னைப் பார்ப்பாள். கேள், தம்பி.