பதினோரு நூறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் அக்கா கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியேறி வந்தாள். கட்டு அவிழ்த்த கணுக்காலை என் மேஜைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நீ எழுதுறவன்தானே? அந்த நேரத்துல அவர் என்ன பண்ணிட்டிருந்தார்னு எழுது. என்கிட்ட சொல்ல மாட்டேங்கிறார். உன் கதையிலயாவது சொல்றாரான்னு பாப்போம்."

"கதையில நான் சொல்றதுதானே வரும்? அவர் சொல்றது எப்படி வரும்?"

"அப்ப அவர்கிட்டயே போய்க் கேட்டு எழுது. எல்லாத்தையும் நானே சொல்லித் தரணுமா?"

அவர் என்றது அத்தானை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக், அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கீழ்வீட்டில் அவர்கள், மேலே நான். ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே மாடல், ஒரே நிறம். வருஷத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு எங்கேயாவது நெடுந்தூரம் போய்வருவார்கள். இந்த முறை போனது பாலைவனம். திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. அடுத்த பயணத்துக்கான வரைபடத்தை அத்தான் தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் விரிக்கிறார். அக்கா அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாள்.

நான் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன். கதைகள் மீதி நேரத்தில். (எண் போட்டு எழுதுவது அந்தத் தொழில் கொடுத்த கெட்ட பழக்கம்.) கடைத்தெரு வரை வண்டியில் போய்வந்தாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாலைவனத்தை எழுத என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடைப்பது கஷ்டம்.

2

தொடக்கம் ஒன்று: "சூரியன் தலைக்கு மேலே ஒரு"

வேண்டாம். பாலைவனத்தில் வெயிலடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன.

தொடக்கம் இரண்டு: "எங்கு பார்த்தாலும் மணல்." இதை அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள். "முக்கால்வாசி கல்லுதான்டா. மணல் வந்ததே மூணாவது நாள்தான்."

தொடக்கம் மூன்று: "இரண்டு நாளாக இருவருக்கும் வியர்க்கவே இல்லை."

இது கொஞ்சம் உட்கார்ந்தது. உண்மையில் வியர்க்கிறது, ஆனால் ஈரம் தெரிவதற்குள் காற்று குடித்துவிடுகிறது. சட்டையில் உப்பு மட்டும் கோடு கோடாக நிற்கும். வெக்கை தாங்காமல் ஜாக்கெட்டைத் திறந்துவிடத் தோன்றும். திறந்தால் போச்சு, அடுப்பு வாய்க்குள் நெஞ்சைக் காட்டிய மாதிரி. உள்சட்டையை நனைத்துப் போட்டு, ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொள்ள வேண்டும். கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கொரு தரம் தண்ணீர். வண்டியை நிறுத்தி ஒதுங்கிவிட்டு வந்ததும் இருவரும் கூச்சமே இல்லாமல் கேட்டுக்கொள்வார்களாம்: "என்ன கலர்?" மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் இன்னும் ஒரு பாட்டில் குடித்தாக வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இதைவிட அன்யோன்யமாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு அதே ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். இந்தக் கதை என்னை நாற்காலியில் உட்காரவிடவில்லை.

3

அவர்களுக்குள் ஒரு கண்ணாடி ஒப்பந்தம் உண்டு. அத்தான் முன்னால் போவார், அக்கா பின்னால். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பின்வண்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். விளக்கு காணாமல் போனால் நூறு எண்ண வேண்டும். நூறு முடிந்தும் தெரியாவிட்டால், என்ன ஆனாலும் திரும்பிவிட வேண்டும். ஒப்பந்தத்தை உண்டாக்கியவர் அத்தான்தான்.

மூன்றாம் நாள், பன்னிரண்டு கிலோமீட்டர் மணற்பாதை. மணலில் புதையாமலிருக்க டயர்களில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டுப் பாதையில் இறங்கினார்கள். நான்காவது கிலோமீட்டரில் அக்கா விழுந்தாள். வண்டி இடப்பக்கம் சாய்ந்து, பக்கவாட்டுச் சாமான் பெட்டி அவள் கணுக்காலை மணலோடு சேர்த்து அழுத்தியது. முன்விளக்கு மணலுக்குள். சூடான எஞ்சின் முழங்காலுக்குக் கீழே ஒரு விரற்கடை தூரத்தில். முதுகுப்பையின் தண்ணீர்க் குழாய் வாய்க்கு எட்டியது ஒன்றுதான் நல்லகாலம். அவள் அலறினாள்

[இது நான் போட்டது. அவள் அப்படிச் சொல்லவில்லை.]

படுத்தபடியே எண்ண ஆரம்பித்தாள். அவர் நூறில் திரும்புவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வந்து சேர்ந்தபோது பதினோரு நூறு முடிந்திருந்தது.

"நூறு எண்ணித் திரும்பியிருந்தா மூணாவது நூறுல வந்திருக்கணும். தடுமாறி வந்தாலும் நாலு. பதினொண்ணு எப்படிடா?"

"பயத்துல வேகமா எண்ணியிருப்ப."

"தினமும் நூறு பேருக்கு மூச்ச புடிங்க, விடுங்கன்னு சொல்றவ நான். என் எண்ணிக்கை தப்பாது."

"அத்தான் என்ன சொல்றார்?"

"கண்ணாடியில தூசி, தெரியலங்கிறார். தூசின்னா தூசி, விட்டுடலாம். பொய்யின்னா, இனிமே அவர் பின்னால நான் வண்டி ஓட்ட மாட்டேன். உண்மையச் சொல்லிட்டா போவியான்னு கேக்காத. அது எனக்கே தெரியாது. தெரிஞ்சாத்தானே யோசிக்கவே முடியும்?"

4

இனி அந்தப் பகுதி, அவர் பக்கத்திலிருந்து. வரைவு எப்படி இருந்ததோ அப்படியே தருகிறேன்:

அவர் எழுந்து நின்றபடி ஓட்டினார். மணலில் உட்கார்ந்து ஓட்டினால் வண்டி சொன்னபடி கேட்காது. முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டு, மூன்றாவது கியரில் போனார். முன்சக்கரம் இஷ்டத்துக்கு அலைந்தது. அலையட்டும் என்று விட வேண்டும், பிடித்து நேராக்கப் பார்த்தால் கவிழ்த்துவிடும். வேகத்தைக் குறைக்கவும் கூடாது, குறைத்தால் புதையும். தொடை இரண்டும் வெடவெடத்தன. பல்லிடுக்கில் மணல் நறநறத்தது. இடதுகையில் இரண்டு விரல்கள் காலையிலிருந்தே மரத்திருந்தன. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே திரும்பலாம் என்பாள். கண்ணாடியைப் பார்த்தார். தூசி படிந்து ஒன்றும் தெரியவில்லை. பின்னால்தான் வருவாள் என்று

இதற்குமேல் பேனா ஓடவில்லை. விரல் விஷயம் என் கற்பனை. ஊருக்கு வந்த வாரத்தில் அவர் கையிலிருந்து டீக்கப் நழுவியதைப் பார்த்திருந்தேன், அதைச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தூசியைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. லிஃப்ட் கதவின் தண்டவாளத்தில் ஒரு நூலிழை கிடந்தாலும் குனிந்து எடுக்கிற மனுஷன் அவர். அவர் கண்ணாடியில் தூசியா?

பாத்திரத்தை நம்பாமல் எழுதுவது ஒரு வேதனை. அந்தப் பாத்திரம் கீழ்வீட்டில் இருமுவது காதில் விழும்போது எழுதுவது இன்னும் மோசம்.

5

அவரைத் தேடி ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் நின்றிருந்ததால் பதினான்கையும் ஏறினேன். மொட்டைமாடி அறையில் கிரீஸ் வாடைக்கு நடுவே, இரும்புக் கயிறுகளை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் காதுக்கும் தோளுக்கும் இடையில் இருந்தது. லிஃப்டுக்குள் ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஒண்ணும் ஆகாதும்மா. கீழ விழாது. கண்ண மூடிட்டு நூறு வரைக்கும் எண்ணுங்க, வந்துடுறேன்."

அந்த அம்மா ஏதோ கேட்டார்.

"வரலைன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க."

கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை ஒரு தளத்துக்குக் கொண்டுவந்தார். இடதுகையின் சுண்டுவிரல் பக்கம் சக்கரத்தைப் பிடிக்கவே இல்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, "என்ன மாப்ள, இவ்வளவு தூரம்?" என்றார்.

கதையை நீட்டினேன். "வண்டி சமாசாரத்துல தப்பு இருக்கான்னு பாத்துக் குடுங்க அத்தான்." நானும் சளைத்தவனில்லை, நேராகக் கேட்க எனக்கும் தைரியமில்லை.

முதல் பக்கத்தைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அவ கேட்டாளா?"

"ம்."

"சரி."

6

அவர் திருப்பித் தர நான்கு நாளானது. சும்மா இருக்க முடியாமல் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) தூசி உண்மைதான். அக்கா நம்புகிறாள். வரைபடத்தின்மேலிருந்து தட்டை எடுக்கிறாள். [இனிப்பு ஜாஸ்தி. எனக்கே திகட்டியது.]

(ஆ) அக்கா வண்டியை விற்றுவிடுகிறாள். அத்தான் தனியாகப் போகிறார். கண்ணாடியில் [கண்ணீர், அது இது என்று எழுதத் தொடங்கியதால் கிழித்தேன்.]

(இ) அவருக்குத் தனியாகப் போவது பிடித்திருந்தது. மணலோடு சுருதி சேர்ந்துவிட்டது, வண்டி மிதக்கிறது, பின்னால் யாருமில்லை, அந்தச் சுகத்தில் எல்லாம் மறந்துபோனது. இதை எழுதியபோது எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. நானே கற்பனை செய்துவிட்டு நானே கோபித்துக்கொண்டேன். அன்று படிக்கட்டில் எதிரே வந்தவரைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. பாவம், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

குறிப்பு: அவர் திரும்பி வந்த காட்சியை அக்கா சொல்லியிருக்கிறாள். வண்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாராம். பெட்டியைத் தூக்கும்போது வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்ததாம். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தாளாம்.

7

ஐந்தாம் நாள் காலை, கதவுக்கடியில் காகிதங்கள் கிடந்தன. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதுவதைப் போலவே குட்டிக் குட்டியாக:

மூன்றாவது கியர் அல்ல, இரண்டாவது.

விரல் இரண்டு அல்ல, மூன்று. இன்னும் சரியாகவில்லை.

தொடை நடுங்கியது, உண்மை.

"தூசி படிந்து" என்ற இரண்டு வார்த்தைகளையும் அடித்திருந்தார். பக்கத்தில்:

கண்ணாடியில் தூசி இல்லை. நின்று ஓட்டும்போதும் தெரிய வேண்டும் என்று அன்று காலையில்தான் துடைத்து, மேலே திருப்பி வைத்தேன்.

அதற்கும் கீழே, எழுத்து இன்னும் சிறிதாகி:

விளக்கு இல்லாததைப் பார்த்தேன். நூறு எண்ணினேன். திரும்பினால் என்னத்தைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயம். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். மொத்தம் ஐந்து முறை.

கடைசிப் பக்கத்தின் பின்னால்: தப்பையெல்லாம் திருத்திவிட்டேன். அவளிடம் கொடுப்பது உன் பாடு.

நான் கதவோரமே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எட்டு நிமிஷம், மூன்று கிலோமீட்டர், வெந்துகொண்டிருக்கிற ஹெல்மெட்டுக்குள் ஒரு ஆள், லிஃப்டில் மாட்டிக்கொண்ட அம்மாவுக்கு ஃபோனில் சொன்னதைப்போலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போகிறார். அங்கே மாட்டிக்கொண்டு கிடந்தவள் என் அக்கா. அவளுக்கு அந்த எட்டு நிமிஷமும், திரும்பிவந்த நேரமும் சேர்ந்தது.

8

இப்போது என்னிடம் இரண்டு கட்டுகள். ஒன்று தூசியோடு சுத்தமாக அச்சடித்தது. இன்னொன்று பென்சில் எழுத்தோடு. சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து, உடை மாற்றாமல் நேராக மேலே வருகிறாள். படியில் அந்தக் கால் மட்டும் சற்றுத் தாமதமாக விழுகிறது.

நான் எதைக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பென்சில் வரிகளை நீங்களே படித்துவிட்டீர்கள்.

நின்றபடியே படித்தாள். "அலறினாள்" என்ற இடத்தில் பேனா கேட்டு அடித்தாள். "ஹெல்மெட்டுக்குள்ள கத்தினா நம்ம காதுதான்டா வலிக்கும்." கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"போக அஞ்சு. வர அஞ்சு. மணல்ல வண்டியத் திருப்ப ஒண்ணு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரியா வருது."

"அக்கா, அவர் பயந்துதான்..."

"படிச்சேன். நானும்தான் பயந்தேன். எனக்குத் திரும்புறதா வேண்டாமான்னு எண்ணுற வசதி இல்ல."

காகிதங்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே வண்டிகள் நிற்கும் ஷெட்டின் இரும்புக் கதவு மேலே சுருண்டு ஏறுகிற சத்தம். மூன்று மாதமாகத் திறக்காத கதவு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டி கிளம்பிவிட்டது. அவளுடையதா அவருடையதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாடல் என்று அப்போதே சொன்னேன். ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் போகவில்லை. அத்தானைத் திட்டிக்கொண்டிருந்தவன், நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது எஞ்சின் கிளம்புகிறதா என்று நூறுவரை எண்ணிவிட்டேன். இனி நீங்கள் எண்ணுங்கள். கேட்கவில்லையென்றால், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பதா, எழுந்து போய்ப் பார்ப்பதா என்பது உங்கள் பாடு.