மறந்துபோன ரப்பர் உறை

போன் வந்தபோது பட்டறைக்காரர் காரிலிருந்து கழற்றி வைத்த ஆக்சிலின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். மச்சினனைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, அவன் ஸ்பீக்கரில் போட்டான். பட்டறைக்காரரின் மனைவி.

"உங்க அண்ணன் போயிட்டாராம். பத்தரை மணிக்கு. உங்க அண்ணி இப்பதான் போன்ல சொன்னாங்க."

"சரி. நீ ரெடியா இரு, வந்துர்றேன்."

ரிப்பேருக்கு விட்ட காருக்காகக் காத்திருந்த டீச்சருக்கும் அது கேட்டுவிட்டது. பரீட்சைத் தாள்களை எடுத்து அடுக்கினார்.

"நீங்க கிளம்புங்க சார். நான் பஸ்ல போய்க்கறேன்."

"அஞ்சு நிமிஷ வேலைதான் டீச்சர். மாட்டிட்டே போயிடறேன்."

"நான் பாத்துக்கறேன் மாமா," என்றான் மச்சினன். அவர் காதில் வாங்காமல் ஆக்சிலைச் சக்கரத்தோடு இணைக்கும் புது சிவி ஜாயிண்டை எடுத்தார்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டபோது, வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன் என்று வைத்திருந்தார். அது இப்போது ஞாபகம் வந்தது. யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. அழுகை வருமா என்று பார்த்தார். வரவில்லை.

ஜாயிண்டின் இரும்புக் குண்டுகளுக்கிடையே விரலால் கிரீஸை அழுத்தி நிரப்பினார். ஆக்சில் முனையின் பள்ளத்தில் புது லாக் வளையத்தைப் போட்டார். ஜாயிண்டின் பல்லை ஆக்சிலின் பல்லோடு சேர்த்துப் பிடித்து ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு. டக்கென்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

நிமிர்ந்தபோது மச்சினன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ரப்பர் உறை கிடந்தது. ஜாயிண்டை மூடிக் காக்கும் உறை. ஜாயிண்டுக்கு முன்பே ஆக்சிலில் மாட்டியிருக்க வேண்டும். இனி அது உள்ளே போகாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மச்சினன் இதே தப்பைச் செய்தபோது, "சட்டையப் போட்டுட்டு பனியனத் தேடுறியாடா?" என்று பட்டறையே சிரிக்கக் கேட்டவர் அவர். இன்று அவன் சிரிக்கவில்லை. வந்து ஆக்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஜாயிண்டைத் திரும்பக் கழற்றப் பின்பக்கமிருந்து அடித்தார். இறங்கவில்லை. மறுபடி அடித்தார். சுத்தியல் குறி தப்பித் தரையில் பட்டது.

"குடுங்க மாமா."

கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவன் ஜாயிண்டைக் கழற்றி, வளையத்தை மாற்றி, உறையை முதலில் நுழைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். இழுத்துப் பார்க்க அவரிடம் நீட்டினான். இழுத்தார். சரியாக இருந்தது.

"மீதிய நான் முடிச்சு டீச்சர்கிட்ட குடுத்துட்டு வர்றேன். அக்கா காத்துட்டிருக்கும்."

இந்தத் தடவை மறுக்கவில்லை. சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்.

அண்ணன் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. மனைவி நேரே உள்ளே போனாள். அவர் நாற்காலிகளைப் பிரித்து வரிசையாகப் போட ஆரம்பித்தார். இரண்டு வரிசை முடிந்தது. அண்ணன் மகள் வாசலுக்கு வந்தாள்.

"சித்தப்பா, உள்ள வாங்க."

"இத முடிச்சுட்டு வர்றேம்மா."

அவள் அவர் கையிலிருந்த நாற்காலியை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.