பன்னிரண்டாயிரம் கிடுகு

மட்டக்களப்பு வாவியோரத்துக் குருக்கள்மடத்தில் ஒன்பது பெண்கள் தென்னோலையில் கிடுகு பின்னினார்கள். அவர்களுக்கு ஓலை எடுத்துக் கொடுத்து, பின்னியதை எண்ணி அடுக்கி, விற்றும் கொடுத்தவள் சீதேவிப்பிள்ளை. அவளுக்கு முப்பத்தாறு வயது. கணவனைக் காய்ச்சல் கொண்டுபோய் ஆறு வருடமாகியிருந்தது. ஒரே மகள். கிடுகு முழுவதையும் அரசாங்க ஒப்பந்தம் எடுக்கும் மட்டக்களப்புக் கொந்தராத்துக்காரர் ஒருவரே வாங்கினார். றோட்டு வேலைக்காரரின் கொட்டில்களுக்கும் கிராமப் பள்ளிக்கூடங்களுக்கும் கூரை வேய அரசாங்கம் வருடாவருடம் பன்னிரண்டாயிரம் கிடுகு எடுக்கும். அந்த டெண்டர் எப்போதும் அவருக்குத்தான்.

1935ஆம் ஆண்டு மாசி மாதம், கிடுகு ஏற்ற வந்த மாட்டுக் கரத்தைக்காரர் முத்தலிப் ஒரு கதை சொன்னார். இந்தக் கிடுகு கொந்தராத்துக்காரரின் வளவுக்குள் போவதேயில்லையாம். இவளுடைய முற்றத்திலிருந்து நேரே அரசாங்க ஸ்டோருக்குத்தான் போகிறதாம். ஒரு கிடுகைக்கூடத் தொடாத மனிதருக்கா இவ்வளவு லாபம் என்று சீதேவிப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அடுத்த டெண்டரைத் தானே போடுவதென்று முடிவெடுத்தாள்.

டெண்டர் இங்கிலீசில் இருக்க வேண்டும். அவள் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் தமிழில். அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் வாகை மரத்தின் கீழ் மேசை போட்டு, துரைமாருக்கு மனு, பெத்திசம் எழுதிக் கொடுக்கும் வினாயகமூர்த்தியிடம் போனாள். அவருடைய பேனைக்கு ஊரில் பெரிய பேர். மறியல் கம்பிக்குள் இருந்தவனை வெளியே எடுத்திருக்கிறார், பறிபோன வயல் வட்டையை மீட்டுக் கொடுத்திருக்கிறார். அவள் சொன்ன விலையையும் தொகையையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு இரண்டு பக்கம் எழுதினார். அவள் தமிழில் கையெழுத்து வைத்தாள்.

கச்சேரியிலிருந்து பதிலே வரவில்லை. ஆனால் அவள் டெண்டர் போட்ட செய்தி கொந்தராத்துக்காரரின் காதுக்குப் போய்விட்டது. மூன்று மாதம் அவர் கரத்தை அனுப்பவில்லை. முற்றத்தில் அடுக்கியிருந்த கிடுகில் கறையான் ஏறியது. மிஞ்சியதை ஏறாவூருக்குக் கொண்டுபோய்க் கேட்ட விலைக்குக் கொடுத்தாள். பின்னிய பெண்கள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களில் மூத்தவளான ஆச்சிப்பிள்ளை மட்டும், ஆசைக்கும் ஒரு அளவு வேண்டும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் சீதேவிப்பிள்ளைதான் கொந்தராத்துக்காரரிடம் போய் நின்றாள். பழைய விலையைவிடக் குறைத்துத்தான் எடுத்தார்.

மறுவருடம் வினாயகமூர்த்தி மூன்று பக்கம் எழுதினார். இந்தமுறை துரை தராமல் விட மாட்டான் என்றார். டெண்டர் பெட்டி திறக்கும் நாளில் அவளே கச்சேரிக்குப் போனாள். கிளாக்கர் ஒவ்வொரு உறையாகக் கிழித்து விலையை வாசித்தார். அவளுடையதைக் கிழித்தவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், மூன்றாம் பக்கத்துக்குப் புரட்டினார், பிறகு ஓரமாக வைத்துவிட்டார். ஏன் என்று அவள் கேட்டாள். அந்த இடத்தில் ஒரு பெண் வாய் திறந்தது அவருக்குப் புதிது. ஆனாலும் பதில் சொன்னார்.

"இது டெண்டர் இல்ல, பெத்திசம். எத்தின கிடுகு, என்ன விலை, ஒண்டும் இல்லையே."

போன வருடத்ததும் இப்படியா என்று கேட்டாள். இருக்கும் என்றார்.

அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாகை மரத்தடிக்கு வந்தாள். எழுதியதை அப்படியே தமிழில் சொல்லும்படி வினாயகமூர்த்தியிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருமையோடுதான் சொன்னார். மகா கனம் பொருந்திய துரை அவர்களின் பாதத்தில் விழுந்து, ஏழு பிள்ளைகளோடு பட்டினி கிடக்கும் அபலை வேண்டிக்கொள்வது என்று தொடங்கியது. துரை மனமிரங்கித் தருவது எதுவானாலும் போதும் என்று முடிந்தது.

"எனக்கு ஒரு பிள்ளதான்," என்றாள்.

"அது தெரியும் கா. ஒரு பிள்ளைக்கு எந்தத் துரை இரங்குவான்?"

"இரக்கத்த ஆரு கேட்ட? நான் கிடுகு விக்கப் போறன். நான் சொன்ன விலை எங்க?"

விலையை நாமே முந்திச் சொல்வது பெரிய இடத்தில் மரியாதையில்லை என்றார் அவர். அவளுக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாதென்று தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். இரண்டு வருடம் போயிற்றே என்பதுதான் வழியெல்லாம் அவள் நினைப்பு.

மூன்றாம் வருடம் வேறு ஆளிடம் போகலாமென்று பார்த்தாள். மரத்தடியில் பெத்திசம் எழுதிய மற்ற இருவரும் துரையின் அதே பாதத்தில்தான் விழுந்தார்கள். திரும்ப வினாயகமூர்த்தியிடமே வந்தாள். இம்முறை கச்சேரியில் கொடுத்த நிபந்தனைத் தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக வாசித்துப் பொருள் சொல்லச் சொன்னாள். அது கேட்கிறதற்கு மட்டும் பதில் எழுதச் சொன்னாள். காலையில் தொடங்கியது மத்தியானம் தாண்டியும் முடியவில்லை. கிடுகு நாலரை அடி நீளம் என்று ஒரு வரி வந்தது. அவர்கள் பின்னியது நாலு அடி. கொந்தராத்துக்காரர் அதையே கொடுத்து வந்திருக்கிறார். அதை விட்டுவிடலாம், யார் அளக்கப் போகிறார்கள் என்றார் வினாயகமூர்த்தி. ஒண்ணா, அதையும் எழுதுங்க என்றாள் அவள். நாலரை அடி என்றே எழுதினார். மாதிரிக்கு இரண்டு கிடுகு கேட்டிருந்தது. அதையும் முந்திய வருடங்களில் அவர் அவளிடம் சொல்லவேயில்லை.

எழுதி முடித்தபோது அரைப் பக்கம்கூட வரவில்லை. அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதில என்ர பேரச் சொல்லிராத. ஆரும் பாத்தா சிரிப்பாங்க."

 அவள் உறையின் மூலையில் கிடுகு டெண்டர் என்று எழுத வைத்து, தானே ஒட்டி, தானே பெட்டியில் போட்டாள்; நாலரை அடியில் பின்னிய மாதிரிக் கிடுகு இரண்டையும் கச்சேரியில் கொடுத்தாள்.

சித்திரையில் கடிதம் வந்தது. மேலே மிஸ்டர் சீதேவிப்பிள்ளை என்றிருந்தது. பன்னிரண்டாயிரமும் அவளுக்கே, ஆவணி முடியுமுன் கொடுக்க வேண்டும். வினாயகமூர்த்தி அதை இரண்டுதரம் வாசித்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தியே இத எழுதியிருக்கலாம்," என்றாள் சீதேவிப்பிள்ளை.

"ஓம்," என்றார் அவர். கடிதத்தை மடித்து அவளிடம் நீட்டினார்.

அங்கிருந்து நேரே முத்தலிப்பைத் தேடிப் போனாள். ஆவணி வரைக்கும் தன் இரண்டு கரத்தையையும் கொந்தராத்துக்காரர் நேற்றே பேசி வைத்துவிட்டதாக அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.  யாரை ஏசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு வாவிக்கரைக்குப் போய்த் தோணிக்காரர்களோடு பேரம் பேசினாள்.

மூன்று மாதம் பெண்கள் நாலரை அடிக்கு முணுமுணுத்துக்கொண்டே பின்னினார்கள். கூலியைக் கூட்டிக் கொடுத்த பிறகும் முணுமுணுப்பு நிற்கவில்லை. கிடுகு தோணி தோணியாய்ப் போயிற்று. ஸ்டோரில் சரக்கை மேற்பார்க்கும் ஓவசியர் அளவுகோலோடு நின்றார். முந்திய வருடங்களில் அவர் அளந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. நாற்பது கிடுகைக் கழித்தார். அந்த நாற்பதையும் அவளும் மகளும் இரண்டு நாளில் பின்னி, ஆவணி முடிய ஒரு நாள் இருக்கக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பன்னிரண்டாயிரமும் சரி என்று ஓவசியர் எழுதிக் கொடுத்தார்.