முதல் மேசை

அன்றைக்குக் கடல் கொஞ்சம் குழம்பியிருந்தது. நெடுந்தீவுக்குப் போகிற படகில் மீனாம்பிகை ரீச்சர் தன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடுப்பு நனைந்தால் காயும், பைக்குள் இருந்த காகித மட்டைகள் நனைந்தால் வந்த வேலை கெட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் அவள் கணிதம் படிப்பிக்கிறாள். தீவுகளிலும் வன்னியிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடி, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துப் படிப்பிக்கிற பள்ளி அது. பிள்ளைகளைத் தெரிவு செய்கிற பொறுப்பை அதிபர் வாகீசன் சில வருசங்களுக்கு முன்னர் அவளிடம் விட்டிருந்தார். தீவுப்பக்கத்து மண்கும்பானில் பிறந்தவள் என்பதால் தீவுப் பிள்ளைகளின் கூச்சம் அவளுக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். தெரிவில் அவள் பரீட்சைப் புள்ளிகளைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. தீராத கணக்கு ஒன்றைக் கொடுத்து, பிள்ளை அதோடு என்ன பாடுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பிள்ளைகள் நீள வாங்குகளில் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நாலுக்கு நாலாகக் கட்டம் போட்ட மட்டை ஒன்று. அதில் குறுக்காக எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை அவள் வெட்டி எடுத்திருந்தாள். மிச்சம் பதினாலு கட்டம். கூடவே ஏழு சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டை மூடும்.

"இந்த ஏழு துண்டையும் வைச்சு மட்டையை முழுக்க மூடுங்கோ பாப்பம்," என்றாள்.

எண்ணிப் பார்த்தால் சரியாக வரும் போலத்தான் இருக்கும். ஆனால் வராது. எப்படி வைத்தாலும் கடைசியில் இரண்டு கட்டம் சேராமல் தனித்தனியாக நிற்கும். சில பிள்ளைகள் துண்டை வளைத்துப் பார்த்தார்கள். சிலர் பக்கத்து மட்டையை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் அழுவதற்கு ஆயத்தமானான். யன்னலோரம் இருந்த ஒரு சிறுமி மட்டும் துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பென்சிலால் ஒன்று விட்டு ஒரு கட்டத்துக்குள் புள்ளி குத்திக்கொண்டிருந்தாள்.

மீனாம்பிகை கிட்டப் போனாள். "பிள்ளையின்ரை பேர் என்ன?"

"டிலக்சனா."

"ஏன் பிள்ளை விட்டிட்டீர்?"

"இது ஏலாது ரீச்சர்."

"களைச்சுப் போனீரோ?"

"இல்லை. ஆர் வைச்சாலும் ஏலாது." சிறுமி மட்டையைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்கோ, இந்தத் துண்டை எங்கை வைச்சாலும் புள்ளி உள்ள கட்டம் ஒண்டு, புள்ளி இல்லாத கட்டம் ஒண்டு, ரெண்டையும்தான் மூடும். நீங்கள் வெட்டி எடுத்த ரெண்டு மூலையும் புள்ளிக் கட்டம். அப்ப புள்ளி ஆறு, புள்ளி இல்லாதது எட்டு. எப்பிடிச் சோடி சேரும்?"

மீனாம்பிகை மட்டையை வாங்கிப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தாள். இந்த மட்டையோடு அவள் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டாள். ஏலாது என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. ஏன் ஏலாது என்று, ஆரும் வாய் திறக்க முதல் கண்டுபிடித்த பிள்ளையை அவள் இன்றைக்குத்தான் காண்கிறாள். சிறுமி அதோடும் நிற்கவில்லை.

"ரீச்சர், ஒரு புள்ளிக் கட்டத்தையும் ஒரு புள்ளி இல்லாத கட்டத்தையும் வெட்டினால்? எந்த ரெண்டை வெட்டினாலும் எப்பவும் மூடலாமோ?"

"நீர் என்ன நினைக்கிறீர்?"

"தெரியேல்லை. யோசிக்க வேணும்."

தெரியவில்லை என்பதை அவள் அவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள்.

அன்று பின்னேரமே மீனாம்பிகை சிறுமியின் வீட்டுக்குப் போனாள். கல்வேலிக்கு உள்ளே, தாய் திரேசம்மா மாடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உயரமான மனுசி. அவள் கூப்பிட்டால் துறையில் படகு நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள், குரல் அப்படி. புருசன் தொழிலுக்குக் கடலுக்குப் போயிருந்தான். மீனாம்பிகை வந்த விசயத்தைச் சொன்னாள். வழக்கமாக இந்த இடத்தில் தாய்மார் அழுவார்கள், இல்லாவிட்டால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். திரேசம்மா வாளியை இறக்கி வைத்துவிட்டு, கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

"இருங்கோ ரீச்சர். என்ரை பிள்ளையை நீங்கள் பாத்திட்டியள். நான் இன்னும் உங்கடை பள்ளிக்கூடத்தைப் பாக்கேல்லையே."

"என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ அக்கா."

கேட்டாள். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் ஆர் இருப்பது? பிள்ளைக்கு அடிப்பீர்களோ? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவது ஆர்? மலசலகூடத்துக் கதவுக்கு உள்ளே கொண்டி இருக்குதோ? மீனாம்பிகை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"சரி," என்றாள் திரேசம்மா. "நேரிலை வந்து பாக்கிறன்."

அடுத்த கிழமை அவள் உண்மையாகவே வந்து நின்றாள். நல்ல சேலை உடுத்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, காலைப் படகில் வெளிக்கிட்டு, பஸ் மாறி வந்திருந்தாள். அதிபர் வாகீசன் எழுந்து வரவேற்றார். ஒரு தாய் பள்ளியைப் பரிசோதிக்க வந்திருப்பது அவருக்குப் புதினமாக இருந்தது. சிரித்துக்கொண்டே விடுதிப் பொறுப்பாளரை அவளோடு அனுப்பினார். திரேசம்மா கிணற்றை எட்டிப் பார்த்தாள். படுக்கைகளைக் கையால் அமத்திப் பார்த்தாள். கொண்டிகளை எல்லாம் போட்டுத் திறந்தாள். ஒன்று கழன்றிருந்தது, அதை அந்த இடத்திலேயே சொல்லித் திருத்த வைத்தாள்.

அந்த நேரத்தில் டிலக்சனா முற்றத்து மணலில் குந்தியிருந்து ஒரு தடியால் கட்டம் கீறிக்கொண்டிருந்தாள். மீனாம்பிகை பக்கத்தில் போய்ச் சேலையைச் செருகிக்கொண்டு தானும் குந்தினாள்.

"கண்டுபிடிச்சிட்டன் ரீச்சர். எப்பவும் மூடலாம்." சிறுமி தடியை ஒரு கட்டத்தில் வைத்து, தூக்காமல், கட்டம் கட்டமாக இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கட்டமும் தவறாமல், ஒரு கட்டத்துக்குள்ளும் இரண்டாம் தரம் போகாமல், தடி வெளிக்கிட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. "இது ஒரு வழி மாதிரி. வழி நெடுக புள்ளி, வெறும் கட்டம், புள்ளி, வெறும் கட்டம் எண்டு மாறி மாறி வரும். ஒரு புள்ளியையும் ஒரு வெறும் கட்டத்தையும் எடுத்தால் வழி ரெண்டாய் அறும். அறுந்த ரெண்டு துண்டுக்குள்ளையும் புள்ளியும் வெறுங்கட்டமும் சரிக்குச் சரியா நிக்கும். வழி நெடுகத் துண்டுகளை அடுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்."

மீனாம்பிகை மணலைப் பார்த்தபடியே இருந்தாள். இந்தக் கேள்வியை அவளும் வீட்டில் தாளில் போட்டு முட்டி மோதியிருந்தாள். அவளுக்கு வந்த விடை நீளமானது, பல கிளைகள் உள்ளது. இவளோ ஒரே இழுவையில் முடித்துவிட்டாள். பொறாமை வந்திருக்கலாம். வந்தது சந்தோசம்தான், கடற்கரையில் காலடியில் ஒரு நல்ல சங்கைக் கண்டது போல.

மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனார்கள். சோறு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை. திரேசம்மா குழம்பைத் தொட்டு வாயில் வைத்து, நல்லாய்க் காய்ச்சியிருக்கிறியள் என்று சமையல்காரப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"சேர், பிள்ளையள் இருக்கிறதுக்கு ஏதும் ஒழுங்கு இருக்கோ?"

"ஓம்," என்றார் வாகீசன் பெருமையோடு. "தவணைப் பரீட்சைப் புள்ளி வரிசைப்படிதான். கூடப் புள்ளி எடுத்த பிள்ளையள் முதல் மேசை. அப்பிடியே இறங்கி, சமைக்கிற குசினி வாசல் மேசை கடைசி. பிள்ளையளுக்கு அது ஒரு ஊக்கம். உங்கடை மகள் வந்தால் முதல் மேசையிலைதான் இருப்பா, அதிலை எனக்குச் சந்தேகமில்லை."

திரேசம்மா கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

"எனக்கும் சந்தேகமில்லை சேர். அதாலைதான் அனுப்பப் பயமாக் கிடக்கு. வருசக்கணக்கா முதல் மேசையிலை இருந்து திண்டிட்டு வாற பிள்ளை, பிறகு எங்கடை வீட்டுக் குசினியிலை தம்பியோடை எப்பிடி இருந்து சாப்பிடுவாள்? படிப்புக்கு வரிசை வையுங்கோ. சோத்துக்கு வேண்டாம்."

வாகீசனின் முகம் மாறியது. "ஒரு ஆளுக்காக ஒழுங்கை மாத்த ஏலாது அம்மா."

"மாத்தச் சொல்லி நான் கேக்கேல்லை. பிள்ளையை அனுப்பேல்லை எண்டு சொல்லுறன். மற்றதெல்லாம் நல்ல வடிவாய் வைச்சிருக்கிறியள். போயிட்டு வாறம்."

டிலக்சனா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசல் கடக்கும்போது மட்டும் மண்டபத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை மீனாம்பிகையை வருத்தியது. என்ன பிடிவாதம் பிடித்த மனுசி, இப்படி ஒரு பிள்ளையின் வழியை மறிக்கிறாளே என்று கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனாள். ஆசிரியர் மேசைக்குப் போகக் கால் வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நேரே குசினி வாசல் மேசைக்குப் போய் இருந்தாள்.

பக்கத்தில் இருந்தவள் கோபிகா. நாரந்தனையில் இருந்து மீனாம்பிகையே தெரிந்தெடுத்துக் கூட்டி வந்த பிள்ளை. தெரிவு நடந்த நாளில் துண்டுகளை வைத்து மூட ஏலாமல் போக, அவற்றாலேயே வீடு கட்டி, அதில் ஆர் ஆர் இருக்கிறார்கள் என்று கதை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவள். அந்தக் கற்பனைக்காகவே அவளை எடுத்தது. இப்போது அவள் தலையைக் குனிந்து அவசரம் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை இவ்வளவு அவதி?"

"கெதியா எழும்பிப் போகலாம் ரீச்சர்," என்றாள் கோபிகா. "இதிலை இருந்தால் எல்லாரும் பாப்பினம்."

மீனாம்பிகை கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள். ஒரு பிள்ளையைத் தேடிக் கடல் கடந்து போகிறவள், தான் கொண்டுவந்த பிள்ளை இருபது அடி தள்ளி வாடிக்கொண்டிருந்ததைக் காணவில்லையே. அந்த வரிசையின் பிழையைத் திரேசம்மா ஒரே ஒரு நேரச் சாப்பாட்டில் கண்டுவிட்டாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

அதிபரிடம் அவள் வாதாடப் போகவில்லை. "சேர், நாளைக்குக் குசினி வாசல் மேசையிலை என்னோடை இருந்து சாப்பிடுங்கோ," என்று மட்டும் கேட்டாள். வாகீசன் பிடிவாதக்காரர், ஆனால் பிள்ளைகள் மேல் விருப்பமுள்ளவர். வந்தார். கோபிகாவோடு கதை கொடுத்துப் பார்த்தார். ஓம், இல்லை என்பதற்கு மேல் அவளிடம் ஒன்றும் வரவில்லை. முன்னால் இருந்த பெடியன் அதிபரைக் கண்ட பயத்தில் மீனை முள்ளோடு விழுங்கப் பார்த்தான். வாகீசன் அவனுடைய தட்டை இழுத்து, தானே முள் எடுத்துக் கொடுத்தார்.

"நான் படிச்ச பள்ளிக்கூடத்திலையும் இப்பிடித்தான் ரீச்சர்," என்றார் வெளியே வந்து. "நான் முதல் மேசை. மற்ற மேசையளைத் திரும்பிப் பாத்ததில்லை." அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்றுகூடலில், இனிமேல் விரும்பியவர் விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்று அறிவித்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்த சத்தத்தில் மணி அடித்ததே கேட்கவில்லை.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். மீனாம்பிகைக்கு மனம் வரவில்லை; மறுபடியும் படகேறினாள். திரேசம்மா வேலியில் சரிந்த கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டு முடியும் வரைக்கும் கல்லைக் கையில் வைத்திருந்தாள்.

"ஆர் மாத்தினது? நீங்களோ, சேரோ?"

"சேர்தான். வந்து இருந்து பாத்திட்டு மாத்தினவர்."

"அப்ப அந்த மனுசனிட்டைப் பிள்ளையை விடலாம்," என்றாள் திரேசம்மா. கல்லை அதன் இடத்தில் வைத்துத் தட்டினாள். "பிழையெண்டு தெரிஞ்சாப் பிறகு எல்லாரும் மாத்தமாட்டினம்."

இவ்வளவு நிமிர்ந்த ஒருத்தியை மீனாம்பிகை கிட்ட நின்று பார்த்ததில்லை. பிள்ளையைத் தெரிவு செய்ய வந்த பள்ளியை, அந்தப் பிள்ளையின் தாய் தெரிவு செய்துவிட்டாள் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

டிலக்சனா மாடுகளை ஓட்டிக்கொண்டு வெட்டைவெளியில் தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். திரேசம்மா கூப்பிட வாயெடுத்தாள். அந்தப் பெரிய குரல் வரவில்லை. மீனாம்பிகையின் பக்கம் திரும்பினாள்.

"ரீச்சர், உவள் இடைக்கிடை வீட்டை வரலாமோ?"

கொண்டிவரைக்கும் கேட்டவள், இதை மட்டும் இதுவரை கேட்காமல் இருந்திருக்கிறாள்.

"மாசத்துக்கு ஒருக்கால் விடுவினம் அக்கா. கடல் பொல்லாத மாசமெண்டால் நீங்கள் வந்து பாக்கலாம்."

"கடல் என்ன கடல்," என்றாள் திரேசம்மா, கண்ணைப் புறங்கையால் துடைத்தபடி. "நான் வருவன்." பிறகு மகள் வரும் திசைக்குத் தானே நடக்கத் தொடங்கினாள்.