வைஃபை சபை மாறியது

நந்திதுர்க் மேட்டிலிருந்த அந்தக் கல்லூரியில் வைஃபை என்பது பரிசுத்த ஆவி மாதிரி. எல்லோரும் நம்பினார்கள், யார்மேல் எப்போது இறங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இறங்காத நாளில் எல்லோரும் கம்ப்யூட்டர் துறை வினோலியாவைத் திட்டுவார்கள். அந்த வெறுப்பில் அவள் தன் வீட்டில் வைஃபையே வைக்கவில்லை. திட்டு வாங்கியதும் சைலஸைக் கூப்பிடுவாள்.

சைலஸ் ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருப்பவர். கல்லூரி நெட்வொர்க் பல வருடமாக அவர் பொறுப்பு. மனைவி இறந்துவிட்டாள். வினோலியா போகிற கோயிலில்தான் பாடகர் குழுவில் டெனர் என்ற ஆண் மேல்குரலில் பாடுகிறார். அங்கேயும் நடுவில் குரல் கட் ஆகும்.

"இன்னா மேடம், மறுபடியும் படுத்துக்கிச்சா?" என்று ஏணியோடு வருவார். கூரையிலிருக்கும் வைஃபை டப்பாவைக் கழற்றி, பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டிலிருந்து காற்று கொண்டுவந்த தூசியை வாயால் ஊதுவார். வினோலியா ஏணியைப் பிடித்துக்கொள்வாள். நாலு கால் ஏணி. யாரும் பிடிக்காமலே நிற்கும்.

ஆன்லைன் தேர்வு நடுவில் ஒருநாள் எல்லாம் போனதும் முதல்வர் சுந்தரராஜ் பொறுமையிழந்தார். பெங்களூர் கம்பெனி ஒன்று ஒரு கட்டிடத்தில் மட்டும் தன் டப்பாக்களை மாட்டி, இலவசமாக ஓட்டிக்காட்டியது.

"மாத்தலாமா வேணாமான்னு நீயே எழுதிக் குடும்மா," என்றார் முதல்வர். "நீ சொல்றதுதான் முடிவு."

கம்பெனிப் பெண் பல்லவி வினோலியாவிடம் சிரித்தபடி சொன்னாள்: "நீங்க யாருக்கும் போனே பண்ண வேணாம் மேடம். ஏதாவது ஆனா எங்களுக்கே தெரிஞ்சிடும். அங்கிருந்தே சரி பண்ணிடுவோம்."

"ஆளே வர மாட்டாங்களா?"

"வரவே மாட்டாங்க!"

பல்லவி அதை வரமாகச் சொன்னாள். வினோலியாவுக்கு அது சாபமாகக் கேட்டது.

பாழாய்ப்போன புது வைஃபை ஒருநாள்கூடப் படுக்கவில்லை. மழையிலும் ஓடியது, பழைய கல் சுவரைத் தாண்டியும் ஓடியது. ஸ்டாஃப் ரூமில் கூட வேலை செய்யும் பியூலா கேட்டாள்: "புது சபைக்குப் போனவங்க மொகம் பளபளன்னு இருக்கணும். நீ இன்னாடி, காணிக்கைத் தட்டைத் தொலைச்ச மாதிரி ஒக்காந்துனுகிறே?"

வினோலியா எழுத ஆரம்பித்தாள். 'பழையவர் உள்ளூர்க்காரர். கூப்பிட்டால் உடனே வருவார்.' படித்துப் பார்த்தாள். இது அறிக்கையா, ஏக்கமா? அழித்தாள். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்ட சொந்தக்காரர்களிடமெல்லாம், வேலைக்கே நேரம் போதவில்லை என்றாள். எந்த வேலை? ஏணி பிடிக்கிற வேலை. போன மழைக்காலத்தில் ஒருநாள் நெட் நன்றாகத்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கியது இவள். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் பாடத்தை விட்டார்களோ. ஒரு மனுஷன் வந்து தூசி ஊதுவதற்காகக் கல்லூரியையே காணிக்கை போட்டிருக்கிறாள். காதல் என்ற சொல் மனதில் வந்து விழுந்தது. அதை அழிக்க எந்தக் கீயும் இல்லை.

மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

சைலஸ் தன் டப்பாக்களைக் கழற்ற வந்தார். வினோலியா வழக்கம்போல ஏணியைப் பிடித்தாள்.

"எழுதினது நான்தான்," என்றாள்.

"தெரியும். கரெக்டாதான் எழுதிக்கிறீங்க. இந்தச் செவுத்துக்கு நம்ம டப்பா தாங்காது. எனக்கு கேமரா மாட்டற வேலையே தலைக்கு மேல கீது." கடைசி டப்பாவையும் அவர் ஊதினார். கழற்றிக் கொண்டுபோகிற டப்பாவை ஏன் ஊத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் வேன் கேட்டைத் தாண்டும்போது போன் செய்தாள்.

"சைலஸ், எங்க வீட்ல வைஃபை வரல."

"உங்க வீட்ல வைஃபையே இல்லியே மேடம்."

"அதனாலதான் வரல."

வேன் நின்றது. வினோலியாவுக்குக் காது சுட்டது.

"பிளக்கு மாட்டிக்கீதான்னு பாத்தீங்களா?" என்றார் சைலஸ். "அன்னிக்கி மாதிரி நீங்களே பிடுங்கி வெச்சிருக்கப் போறீங்க."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அன்றைக்கு அவ்வளவு நேரம் ஏணிமேல் நின்றிருக்கிறார், பாவி.

"சாயங்காலம் ஏணியோட வரேன்," என்றார். "பிடிக்கத்தான் ஆளு கீதே."