ஹார்லனின் காப்பி டப்பா

மாவட்ட ரசாயனக் கழிவுக் கூடத்தில் விதி எளிது. காரை விட்டு இறங்கக் கூடாது. டிக்கியைத் திறந்துவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஹார்லன் இறங்கி நின்றார்.

“மாமா, உள்ள உக்காருங்க” என்றான் காரை ஓட்டி வந்த மருமகன் ஆர்னே.

“முப்பது வருசம் சேத்த விஷம், மாப்ள. வழியனுப்ப வேணாமா?”

பெயிண்ட், எலி மருந்து, களைக்கொல்லி எல்லாம் வந்துவிட்டன. ஆர்னே பார்த்தவரை ஒன்றுதான் வரவில்லை. தூண்டில் நூல் சுற்றும் சுருள்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ ஹார்லன் ஒரு காப்பி டப்பாவில் வைத்திருந்த திரவம். மினசோட்டா குளிருக்குக் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவும் மகளுமாகக் கழுவுவார்கள். அந்த வாசனை பிடிக்கும் என்பாள் சோல்வெய்க். ஆர்னேயைக் கட்டிக்கொண்ட பிறகும் குளிர்காலச் சனிக்கிழமைகளில் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள்.

முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு நரம்பு நோய் வந்தது. பதினான்கு மாதத்தில் இறந்துபோனாள்.

ஆர்னே நரம்பு மருத்துவரிடம் டப்பாவைப் பற்றிக் கேட்டான். “காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது” என்றார். ஹார்லன் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார். அதன் பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினார். டப்பாவைக் கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

“அவ்வளவுதானா?” என்றாள் கையுறை போட்ட பெண்.

“அவ்வளவுதான்” என்றான் ஆர்னே.

ஹார்லன் குனிந்து, தன் இருக்கைக்கு அடியிலிருந்து காப்பி டப்பாவை எடுத்தார்.

“உள்ள என்ன இருக்கு, ஐயா?”

“காப்பி.”

அவள் சிரிக்கவில்லை. “என்னன்னு சொல்லாம வாங்க மாட்டோம்.”

“சுருள் கழுவுற மருந்து” என்றார். டப்பாவை அவளிடம் நீட்டி, “நானும் என் பொண்ணும் கழுவுவோம்.”

அவள் சீட்டு ஒட்டி, இரண்டு கையாலும் தூக்கிப் போனாள்.

வாசலருகே இலவச அலமாரி. ஊரார் கொடுத்ததில் நல்லதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஹார்லன் அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பியதே இல்லை. இன்றும் ஒரு டின்னோடு வந்தார்.

“காலி பண்ண வந்தோம் மாமா!”

“தண்ணி பெயிண்ட்தான், மாப்ள. படகுக்கு. கண்ணாடிய வீட்ல வச்சுட்டேன். பின்னாடி பொடி எழுத்து இருக்கே, படி.”

“எதுவரைக்கும்?”

“முழுசா.”

ஆர்னே படித்தான். பின்னால் காரில் ஒருவன் ஹாரன் அடித்தான். ஆர்னே படிப்பதை நிறுத்தவில்லை. “கதவு, ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பயன்படுத்தவும்.”

“அத இன்னொரு தடவ படி” என்றார் ஹார்லன்.