ஒரு அட்டெண்டர் மட்டும்

"கை மாத்துங்க சார்," என்றார் ராக்கம்மாள் சிஸ்டர்.

ஷாநவாஸ் மாற்றவில்லை. தன் அத்தா யூனுஸின் நெஞ்சை மூன்று நிமிடமாக அவன் அமுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே ஆள் அமுக்கினால் வேகம் குறையும் என்று இதே தீவிர சிகிச்சை வார்டில் பயிற்சி டாக்டர்களுக்கு ஒன்பது வருடமாகப் பாடம் எடுப்பவன் அவன்தான். சொந்தத் தகப்பன் என்றதும் பாடம் எங்கேயோ போய்விட்டது. ராக்கம்மாள் தோளால் இடித்து அவனை நகர்த்திவிட்டு, ஸ்டூலில் ஏறி நின்று அமுக்க ஆரம்பித்தார். ஐம்பத்தாறு வயது, எழுமலைக்காரர். ஒரு அமுக்குகூட வீணாகவில்லை. நாடி வந்துவிட்டது.

காலையில் விளாங்குடி வீட்டிலிருந்து பூட்டுக்கடை திறக்க ஸ்கூட்டரில் கிளம்பிய யூனுஸை, திண்டுக்கல் ரோட்டில் ஒரு வேன் தட்டிவிட்டுப் போயிருந்தது. மண்டைக்குள் ரத்தம். மூளை சர்ஜன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஷாநவாஸின் தோளில் கை வைத்தார். அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும். அவனே எத்தனையோ பேர் தோளில் அப்படிக் கை வைத்திருக்கிறான்.

"அட்ரினலின் கூட்டுங்க," என்றான் இப்போது. "திரும்ப நின்னா திரும்ப அமுக்கணும். எத்தனை தடவை நின்னாலும்."

டியூட்டி டாக்டர் சத்யப்ரியா அவனிடம் வேலை கற்றவள். கேஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்டர் மேடம்தான் போடணும் சார்," என்றார் ராக்கம்மாள், ஸ்டூலிலிருந்து இறங்கியபடி. "நீங்க இன்னைக்கு அட்டெண்டர்."

நோயாளிக்குத் துணையாக வந்த ஆளுக்கு அந்த வார்டில் அதுதான் பேர். அட்டெண்டர் வெளிய நில்லுங்க, அட்டெண்டர் கையெழுத்துப் போடுங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை அவன் வாயிலேயே வருகிற சொல். தன்மேல் வந்து விழுந்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க நர்ஸ். சொன்னதச் செய்யுங்க."

பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். வருடா வருடம் நர்ஸ் தினத்தில் கேக் வெட்டி, "இந்த வார்டுல உயிரப் பிடிச்சு வைக்கிறது நாங்க இல்ல, நீங்கதான்" என்று மைக்கில் பேசுகிற டாக்டர் இவன். பொய்யாகப் பேசியதும் இல்லை. ஒரு முறை அவன் எழுதிய மருந்து அளவில் தசமப் புள்ளி இடம் மாறிப்போக, அதை ஏற்றாமல் அவன் வரும்வரை சீட்டும் கையுமாக நின்றவர் ராக்கம்மாள். இன்றுவரை வெளியே மூச்சு விட்டதில்லை. அந்த நன்றியெல்லாம் நெஞ்சில் இருந்தது. இருந்து என்ன பண்ண, வாயில் வந்தது இதுதான்.

ராக்கம்மாள் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"உங்கம்மா ஒன்றரை மணி நேரமா வெளிய நிக்கிறாங்க சார். கையில மக்காவுலேருந்து வந்த ஜம்ஜம் தண்ணி வச்சிருக்காங்க. உயிர் போறதுக்கு முன்னால காதுல கலிமா சொல்லணுமாம். உள்ள ஒரு அட்டெண்டர் மட்டும்தான், நீங்க போட்ட ரூல். யாரு இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அவன் மானிட்டரைப் பார்த்தான். மருந்து முழு அளவில் ஓடியும் பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். இதயம் நிற்கும், அமுக்கலாம், விலா எலும்பு உடையும், திரும்பவும் நிற்கும். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கமே அம்மாவுக்கு எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

"இவரக் காப்பாத்த முடியலன்னா நான் எதுக்கு டாக்டருக்குப் படிச்சேன்?"

யாரைக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்து, "நின்னா இனிமே அமுக்க வேணாம்" என்று சத்யப்ரியாவிடம் சொன்னான். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவன் வெளியே வர, கதவருகே அம்மா சைனப் அவனைக் கடந்து உள்ளே போனாள்.

வெளியே மற்ற அட்டெண்டர்களோடு நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தான். ராக்கம்மாள் கட்டில் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் தட்டி விடுவித்தார். இன்னொரு நர்ஸ் குழாய்களைத் தூக்கிப் பிடிக்க, இருவருமாகக் கட்டிலை மெல்லத் திருப்பினார்கள். அந்த வார்டில் கிப்லா, மக்கா இருக்கும் திசை, எந்தப் பக்கம் என்று இத்தனை வருடத்தில் அவன் யோசித்ததே இல்லை. ராக்கம்மாள் யாரையும் கேட்கவில்லை.

அம்மா பஞ்சை ஜம்ஜமில் நனைத்து, குழாயைச் சுற்றி உதட்டைத் துடைத்தாள். காதோரம் குனிந்தாள். வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. தோள்தான் குலுங்கியது.

ராக்கம்மாள் கதவைத் திறந்தார். "தம்பி, வாங்க. அம்மாவுக்குக் குரல் வரல."

"ஒரு அட்டெண்டர்தானே..."

"அத நான் பாத்துக்கிறேன்."

ஒன்பது வருடத்தில் அவர் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவன் குனிந்தான். அத்தாவின் காது மடலில் ரத்தம் காய்ந்திருந்தது. "லா இலாஹ" என்று ஆரம்பித்தவன் கண்ணை மானிட்டர் பக்கம் திருப்பினான். பிரஷர் ஐம்பத்திரண்டு. மறுபடி ஆரம்பித்தான். நாற்பத்தெட்டு. சின்ன வயதில் அத்தா மடியில் உட்கார்ந்து கற்ற நாலு சொல், ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் அறுந்துபோனது. எவ்வளவு முயன்றாலும் கண் அங்கேயே போனது. வெட்கமாகவும் இருந்தது.

அவன் தலைக்கு மேலாக ராக்கம்மாள் கையை நீட்டித் திரையை அணைத்தார்.

"நம்பர நாங்க அங்க டேபிள் ஸ்கிரீன்ல பாத்துக்கிறோம். நீங்க ஓதுங்க."

ஓதினான். அம்மாவின் உதடும் கூடவே அசைந்தது. வென்டிலேட்டர் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. அதை வைத்து உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் அத்தாவின் கழுத்தில் சொட்ட, அதைத் துடைத்துவிட்டு ஓதினான். நாக்கு வறண்டு சொல் ஒட்டிக்கொள்ளும்வரை நிறுத்தவே இல்லை.

நிமிர்ந்தபோது ராக்கம்மாள் கால்மாட்டில் இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். யாரும் நெருங்காதபடி அவர் கை ஒன்று குறுக்கே நீண்டிருந்தது. அந்தக் கைக்கு அப்பால் சத்யப்ரியா, ஸ்டெதஸ்கோப்போடு.

"எப்ப சிஸ்டர்?"

அவர் கையை இறக்கினார். "மூணு பன்னெண்டுக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தெட்டு.

சத்யப்ரியா வந்து பார்த்தாள், தலையசைத்தாள், மெஷினை நிறுத்தினாள். அம்மா கை நீட்டி அத்தாவின் கண்களை மூடினாள். ராக்கம்மாள் தாடையைச் சுற்றித் துணி கட்டினார்.

"சிஸ்டர், நான் அப்பச் சொன்னது..."

"இருக்கட்டும் தம்பி. அந்த நாடாவ எடுங்க."

எடுத்துக் கொடுத்தான். அவர் யூனுஸின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துச் சுற்றினார். அமுக்கி அமுக்கி அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது. முதல் சுற்று நழுவ, மறுபடி சுற்றினார்.

"இம்புட்டு இறுக்கம் போதுமாம்மா?"

சைனப் தலையாட்டினாள்.

"முடிச்சு மேல விரல வைங்க தம்பி," என்றார் ராக்கம்மாள்.

வைத்தான்.